மின்சார ரயிலுக்கு எழுதிய மனு

அந்தக் கடிதத்தைத் தவறான பெட்டியில் தெரிந்துதான் போட்டேனா, தெரியாமல் போட்டேனா? மூன்று வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ‘தெரியாமல்தான்’ என்று மனம் சொல்கிறது. மறுநாள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது ‘பொய்’ என்கிறது.

என் கணவர் சென்னைப் பட்டணத்தில் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்தார். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் போய்வரும் வண்டிகளில் வேலை. நானும் குழந்தையும் இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் மாமியோடு இருந்தோம், இப்போதும் இருக்கிறோம். எங்கள் பக்கத்தில் ரயிலே கிடையாது. பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறித் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும். நான் ஒரே ஒரு முறை ரயிலில் ஏறியிருக்கிறேன். மாமி பார்த்ததே இல்லை.

குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு லீவில் வந்தபோதுதான் அவர் மின்சார ரயிலைப் பற்றிச் சொன்னார். தண்டவாளத்துக்கு மேலே நெடுகக் கம்பி கட்டிவிட்டார்களாம். எஞ்சின் என்று தனியாக ஒன்று கிடையாதாம். பெட்டியின் நுனியிலேயே சின்ன அறை, அதில் ஓட்டுகிறவர் ஒருவர். போய்ச் சேர்ந்ததும் எஞ்சினைக் கழற்றித் திருப்ப வேண்டியதில்லை. அவர் மறுமுனைக்கு நடந்துபோய் அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

“பின்ன தீ?” என்று மாமி கேட்டார்கள்.

“தீயே கெடயாது, அம்மா.”

“தீ இல்லாத வண்டிக்கு தீ போடுத ஆளு எதுக்குலே?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமி விளையாட்டாகக் கேட்டதுதான் முழு விஷயமும்.

நீராவி வண்டி ஆட்களில் சிலரைப் புது வண்டிக்குப் பழக்குவார்கள், மற்றவர்களை வெளியூர் ஷெட்டுகளுக்கு மாற்றுவார்கள் என்று பேச்சாம். விருப்பம் உள்ளவர்கள் இங்கிலீஷில் மனுக் கொடுக்க வேண்டும். அவருக்கு இங்கிலீஷ் பேசினால் புரியும், எழுத வராது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

“ஒனக்க கையெழுத்தப் பாத்தா தொரையே அசந்து போவாரு. நாள் தெரிஞ்ச ஒடனே எழுதுகேன். நீ மனு எழுதி அனுப்பு, நான் ஒப்பு வச்சுக் குடுக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பயம். கரண்டைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் இடி மின்னலைப் பற்றி இருந்த ஒரு பக்கம்தான். ஆராதனை முடிந்து வரும் வழியில் பெண்கள் பேசியது அதைவிட மோசம்.

“அந்தக் கம்பியில ஒரு காக்கா முட்டினா காக்கா பொசுங்கிப் போவுமாம். ஒனக்க மாப்பிள அதுக்க அடியில இருந்தா வண்டி ஓட்டப் போறாரு?” என்று ஒருத்தி கேட்டாள்.

“சவம், கரித்தூசியில இருமி இருமிச் சாவதுக்கு இது ஒரே வெட்டுல முடிஞ்சிரும்லா” என்றாள் இன்னொருத்தி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சும்மா சொன்னேம் மக்கா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமியிடம் என் பயத்தைச் சொன்னேன். “போவட்டும்ட்டி. அவனுக்க தலவாணிய எத்தன தடவ வெளுத்தாலும் கறுப்பு போவுதா? கரண்டு வண்டியில வெள்ளச் சட்டையில்லா போட்டுட்டு நிப்பான்!” என்றார்கள். ரயிலையே பார்க்காத அவர்களுக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. எழுத்துப் படித்த எனக்குத்தான் எல்லாச் சந்தேகமும்.

கடைசி நாளைக் குறித்து அவருடைய கடிதம் வந்தது. மனு எழுதினேன். மூன்று தாள்களைக் கிழித்தேன். ‘தாழ்மையுடன்’ என்று ஒரு தடவை போட்டால் போதுமா, இரண்டு தடவை போட வேண்டுமா என்பதிலேயே ஒரு சாயங்காலம் போயிற்று. உண்மையில் நாளைக் கடத்தினேனோ என்னவோ. எழுதி முடித்தபோது ஒரு வாரம்தான் மிச்சம்.

மறுநாள் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. நானும் மாமியும் பஸ் ஏறி நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகும்போது மனுவையும், அம்மாவுக்கு எழுதி வைத்திருந்த ஒரு கடிதத்தையும் எடுத்துக்கொண்டேன். எங்கள் திருவிதாங்கூரில் தபால் இரண்டு என்பது வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ராஜ்யத்துக்குள் போவது அஞ்சலில். சென்னை போன்ற ஊர்களுக்குப் போவது பிரிட்டிஷ் தபாலில். முத்திரையும் வேறு, பெட்டியும் வேறு. பத்மநாபபுரத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு எழுதியது அஞ்சல் பெட்டிக்கு. மனு வைத்த உறை மற்றப் பெட்டிக்கு. இங்கே எழுத்துக் கூட்டத் தெரிந்த யாருக்கும் இது தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது முதலில் வருவது அஞ்சல் பெட்டி. தபாலாபீசுக்கு இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அதற்குள் பஸ்காரர் ஹாரன் அடித்தார்.

“அக்கா, இது ஒங்க வீட்டுக் காளவண்டி இல்ல, நேரத்துக்குப் போவணும்!”

“போட்டுட்டு ஓடி வாட்டி” என்றார்கள் மாமி.

என் தோளில் குழந்தையின் மூச்சு கரகரத்துக்கொண்டிருந்தது. இரண்டு உறைகளையும் சேர்த்து அந்த அஞ்சல் பெட்டிக்குள் விட்டேன். அவை விழுந்த சத்தம் நினைவிருக்கிறது. அந்த நேரம் மனத்தில் என்ன இருந்தது என்பது மட்டும் நினைவில்லை.

பஸ் ஊரைத் தாண்டியபோது உறைத்தது. சொல்ல வாயெடுத்தேன். மாமி குழந்தையின் நெஞ்சைத் தடவி ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். சொல்லவில்லை. மறுநாள் இன்னொரு மனு எழுதியிருக்கலாம். மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல், அதற்கடுத்த நாளும் காய்ச்சல். அஞ்சல்காரர்களே மாற்றி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து உறை என்னிடமே திரும்பி வந்தது. மற்றத் தபாலில் சேர்க்க வேண்டியது என்று மேலே எழுதியிருந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் எனக்காகக் காத்திருந்துவிட்டு, கடைசி நாள் வேறு யாரிடமோ எழுதி வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் மூடியிருந்ததாம். ‘மனு வரவில்லையே’ என்று எழுதிக் கேட்டார். ‘நேரத்துக்குள் போட்டேன்’ என்று பதில் எழுதினேன். தபாலில் தொலைந்திருக்கும், நீ விசனப்படாதே என்று எனக்கு அவர் ஆறுதல் எழுதினார்.

இப்போது அவர் விழுப்புரத்தில் கரி தள்ளுகிறார். அவரோடு வேலை பார்த்த ஒருவர் மின்சார வண்டி ஓட்டுகிறார். ஒருமுறை பட்டணம் போனபோது இவர் அந்த வண்டியில் டிக்கெட் வாங்கி ஏறிப் போய்வந்தாராம். கிளம்பியதே தெரியவில்லை, முகத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லை என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். யாரும் பொசுங்கிப் போகவில்லை. போன லீவில் அவர் இருமிய துணியை நான்தான் துவைத்தேன். குழந்தை அதைக் காட்டி, “அப்பாக்கு வாயில கரி” என்று சிரித்தது.

சென்ற வாரம் மறுபடி கடிதம் வந்தது. மின்சார வண்டிக்கு இன்னும் சில ஆட்களை எடுக்கிறார்களாம். இந்தத் தடவை தபாலை நம்பாமல் தானே வந்து மனுவைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறாராம். முதல் வரியாக இதை எழுத வேண்டும் என்கிறார்: முன்பே உரிய காலத்தில் என் வீட்டிலிருந்து மனு எழுதி அனுப்பியும் என் குற்றம் ஏதுமில்லாமல் அது தபாலில் தொலைந்துபோனதால் எனக்கு முதலிடம் தர வேண்டும். அந்த வரியைத்தான் அவர் நம்பியிருக்கிறார். அவர் குற்றம் ஏதுமில்லை என்பது உண்மை. தொலைந்தது என்பது பொய். உறை என் டிரங்கில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. அந்த வரியை எழுதப்போவது என் கை. யாராவது விசாரித்தால், அடியில் இருக்கப்போவது அவருடைய ஒப்பு.

அடுத்த மாதக் கடைசியில் வருகிறார். அந்த வரியை எழுதிக் கொடுத்துவிடலாமா? எழுத மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு எந்த முகத்தோடு எதிரே உட்கார்ந்து மற்ற வரிகளை எழுதுவேன்? இதைப் படிக்கும் சகோதரிகளே, உங்களில் யாராவது கணவரிடம் இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால், பேச்சை எப்படி ஆரம்பித்தீர்கள் என்பதை மட்டுமாவது இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள்.