நான் கொடுத்த வயிற்று மாத்திரை

பதினோரு வருடம் நான் ஒரே ஒரு கதவைத்தான் அளந்துகொண்டிருந்தேன். இதயச் செல்லின் சவ்வில் இருக்கும் பொட்டாசியக் கதவு அது. ஒவ்வொரு துடிப்பும் முடியும் நேரத்தில் அது திறக்கும், பொட்டாசியம் அயனிகள் வெளியேறும், செல் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். கதவு அடைத்துக்கொண்டால் துடிப்பு முடிய வேண்டிய நேரத்தில் முடியாமல் இழுக்கும். அதிகமாக இழுத்தால் இதயம் தாளம் தப்பி, துடிப்பதற்குப் பதிலாக நடுங்கத் தொடங்கலாம். நடுங்கும் இதயம் ரத்தத்தைத் தள்ளாது. என் துறையைப் பற்றி வெளியாட்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் எங்கள் ஆய்வகம் கல்கத்தாவின் பவானிபூரில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியை ஒரு செல்லின் மீது வைத்து, மறுமுனையிலிருந்து வாயால் மெல்ல உறிஞ்சி, சவ்வைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தெருவில் டிராம் போனால் பிடி விட்டுப்போகும். சுற்றியிருக்கும் மின்கம்பிகளின் இரைச்சல் அளவீட்டில் சேராமலிருக்கச் செம்புவலை வாங்கி நாங்களே கூண்டு கட்டினோம். துர்கா பூஜை நாட்களில் தெருவெங்கும் சரவிளக்கு எரியும்போது அந்தக் கூண்டும் போதாது, ஆய்வகத்தை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

நாம் அளக்கும் மின்னோட்டம் அந்தக் கதவின் வழியாகத்தான் வருகிறது என்று நிரூபிக்க ஒரு வழி உண்டு. அந்தக் கதவை அடைக்கும் மருந்தைச் சொட்டாக விட்டுப் பார்ப்பது. மின்னோட்டம் மறைந்தால் அது நம் கதவு. எங்களிடம் அப்படியொரு மருந்து பொடியாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. விரல் நகமளவு பொடி, சுங்கத்தில் மாதக்கணக்கில் கிடந்து வந்து சேர்ந்தது. அதை உறைபெட்டியில் வைத்து, சாவியை நான் வைத்திருந்தேன்.

அது வயிற்றுக்காகத் தயாரான மருந்து என்பதும், சில நாடுகளில் அதைச் சாப்பிட்டவர்கள் இதயம் தாளம் தப்பி இறந்ததால் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் கட்டுரைகளின் முதல் பத்தியிலேயே அதை எழுதியிருக்கிறேன். அந்த வரியைப் போட்டால்தான் நிதி கொடுப்பவர்கள் மக்களுக்குப் பயன்படும் ஆராய்ச்சி என்று தலையாட்டுவார்கள். நல்ல வரி என்று நினைத்து ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதை ஒட்டினேன். அந்த மருந்து கல்கத்தாவில் கிடைக்கிறதா என்று ஒருநாளும் விசாரிக்கவில்லை. எனக்கு அது வேதிப்பெயர் எழுதிய சிறு குப்பி. கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டிய பொருள் என்று தோன்றவே இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலம். லேக் கார்டன்ஸில் வாடகை வீடு. கணவர் ரயில்வேயில், சாந்த்ராகாச்சி யார்டில் வேலை. ஒரே மகள், ஏழாம் வகுப்பு. அவளுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தது. தெருமுனை டாக்டர் ஒரு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். இரண்டாம் நாளே வயிறு எரிகிறது என்று அழுதாள். போய்ச் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இன்னொரு மாத்திரையின் பெயரைச் சீட்டில் கிறுக்கினார்.

இந்த ஊரில் வயிற்றைப் பற்றிப் பேசாமல் யாரும் விடைபெறுவதில்லை. நெஞ்செரிச்சலை இங்கே ஒம்பொல் என்பார்கள். ஒம்பொலுக்கு மாத்திரை கேட்டால் கடைக்காரர் சீட்டைக்கூடப் பார்ப்பதில்லை. கல்யாணமான பெண்களையெல்லாம் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே அட்டையை வெட்டினார்.

“பௌதி, இது நல்ல மாத்திரை. நம்ம பாடாவுல எல்லாத் தெருவும் இதைத்தான் சாப்பிடுது. என் மாமியாரும்!”

“மாமியார் எப்படி இருக்காங்க?”

“அதான் பிரச்சனை. கல்லு மாதிரி இருக்காங்க.”

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, ஆய்வகத்தில் செய்வதைப் போலவே நேரம் குறித்து, ஒரு வேளை தப்பாமல் கொடுத்தேன். அட்டையில் பெரிய எழுத்தில் இருந்த வணிகப் பெயரை மட்டும் படித்தேன்.

நான்காம் நாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. பள்ளிக்குக் கிளம்பினாள். கீழே வேன்காரர் வழக்கம்போல ஹார்னை நீளமாக அடித்தார். ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டு எழுந்து, “அம்மா, மாதா குர்ச்சே” என்றாள். தலை சுற்றுவதை வங்காளத்தில்தான் சொன்னாள். அடுத்த நொடி தரையில் கிடந்தாள். உதடு சாம்பல் நிறம். கழுத்தில் கை வைத்தேன். துடிப்பு இல்லை. எத்தனை நொடி என்று எண்ணத் தெரிந்தவள் நான், எண்ணவில்லை. பிறகு அவளே பெரிதாக மூச்சிழுத்துக் கண் திறந்தாள். கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் படியிறங்கினார்.

டாக்ஸியில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். அங்கே இருந்த இளம் டாக்டர் ஈசிஜி எடுக்கச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“பரீட்சை வருதா? இந்த வயசுப் பொண்ணுங்க பயத்துல இப்படித்தான் விழும். காலையில சாப்பிட்டாளா?”

“அந்தத் தாளைக் காட்டுங்க.”

“மேடம், அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்.”

நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். வாழ்க்கையில் யார் கையிலிருந்தும் எதையும் பிடுங்கியதில்லை. அந்தக் கோடு துடிப்பு முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் இழுத்துக்கொண்டே போயிற்று. அந்த மருந்தில் ஒரு துளி விட்டபின் எங்கள் ஆய்வகத் திரையில் வரும் அதே இழுப்பு. அதை நான் எத்தனை முறை வரவைத்திருக்கிறேன், சரியாக வந்தது என்று மாணவர்களைப் பாராட்டியிருக்கிறேன்.

“வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையை எடுத்துட்டு வாங்க” என்றேன் கணவரிடம்.

“இப்பவா? ஃப்ரிட்ஜ் மேல ரெண்டு இருக்கே, எது?”

“ரெண்டும். ஓடுங்க.”

அவர் கொண்டுவந்த அட்டையைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வணிகப் பெயருக்குக் கீழே எறும்பு எழுத்தில் என் குப்பியில் இருக்கும் அதே வேதிப்பெயர் இருந்தது. கூடவே கொடுத்த ஆன்டிபயாடிக் அந்த மருந்தைக் கல்லீரல் சிதைக்கவிடாமல் தடுத்து உடம்பில் தேக்கிவைக்கும். அதையும் நான் எழுதியிருக்கிறேன்.

இளம் டாக்டரிடம் சொன்னேன். அவர் கேட்டார், “இன்டர்நெட்ல படிச்சீங்களா?”

கத்தினேன். மருத்துவமனைக்கு உரிய தொனியே இல்லை அது. மூத்த இதய நிபுணர் ஒருவர் மாடியிலிருந்து இறங்கி வந்து தாளைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியது. இரண்டு மாத்திரைகளும் நிறுத்தப்பட்டன, நரம்பில் மெக்னீசியம் ஏறியது. இரண்டு நாள் அவள் துடிப்பைக் காட்டும் திரையைவிட்டு நான் கண்ணெடுக்கவில்லை. கோடு மெல்ல மெல்லத் தன் அளவுக்குத் திரும்பியது. ஒவ்வொரு முறை நர்ஸ் தட்டைக் கீழே வைக்கும்போதும், அந்தச் சத்தத்துக்கு மகள் திடுக்கிட்டு, துடிப்பு தாளம் தப்பி, மறுபடி போய்விடுவாளோ என்று என் உடம்பு உதறியது. இன்றும் யாராவது ஹார்னை நீளமாக அடித்தால் உதறுகிறது.

இரண்டாம் நாள் மாலை அவள் கேட்டாள்.

“அம்மா, இந்த மாத்திரை இப்படிப் பண்ணும்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் குடுத்தே?”

கணவர், “தூங்கும்மா” என்றார். அவள் கோபப்படவில்லை. நியாயமான சந்தேகத்தைக் கேட்பதைப் போலத்தான் கேட்டாள்.

மகள் வீடு திரும்பிய மறுநாள் தெருமுனை டாக்டரிடம் போனேன். “வருஷக்கணக்கா எழுதுறேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. உங்க பொண்ணு கொஞ்சம் ஒல்லி” என்றார். ஒல்லியாக இருப்பது குற்றமா என்று கேட்டேன். அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியை அடித்தார். வழியில் விழுந்து இறந்தவர்கள் அவரிடம் திரும்பி வந்து புகார் சொல்ல மாட்டார்கள் அல்லவா.

மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அலுவலகத்துக்கு எங்கள் ஆய்வு நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதம் எழுதினேன். எங்கள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். “நாம அடிப்படை விஞ்ஞானம் பண்றவங்க. கடைத்தெரு நம்ம வேலை இல்ல. உங்க சொந்தத் தாள்ல எழுதுங்க.” அதே மனிதர்தான் என் விண்ணப்பங்களில் அந்த முதல் பத்தியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னவர். சொந்தத் தாளில் எழுதினேன். விஷயம் பரிசீலனையில் இருப்பதாக ஒற்றை வரியில் பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே வரி வந்தது, தேதி மட்டும் வேறு.

இன்னொரு நாடு தன் குழந்தைகளுக்கு வேண்டாமென்று எடுத்துவிட்ட பொருள் எங்கள் தெருவில் மிட்டாய்போல விற்றது. என்னைப் போன்றவர்கள் அதே பொருளைப் பூட்டிவைத்து, கையுறை போட்டு எடுத்து, கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். கோபம் யார்மீது என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையிலிருந்து என்னை நான் விடுவித்ததில்லை.

சில மாதம் கழித்து, துணியில் சுற்றிய குழந்தையுடன் ஒரு பெண் அந்த மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்றாள். கடைக்காரர் இழுப்பறையைத் திறந்து அந்த அட்டையை எடுத்தார்.

“இதைக் குழந்தைக்குக் கொடுக்காதீங்க” என்றேன்.

“பௌதி, ஆரம்பிச்சிட்டீங்களா” என்றார் கடைக்காரர். “வியாபாரத்தைக் கெடுக்காதீங்க. டாக்டர் எழுதினது.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பொட்டாசியம் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் ஷூ மாட்டும்போது விழுந்ததையும், உதட்டின் நிறத்தையும், கழுத்தில் கை வைத்தபோது ஒன்றும் இல்லாததையும் சொன்னேன்.

“அப்போ இவ வயித்துக்கு என்ன குடுக்கறது?”

“ஒண்ணும் வேண்டாம். எரியட்டும். ரெண்டு நாள்ல நின்னுடும்.”

அவள் சீட்டிலிருந்த மற்ற மருந்துக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போனாள். கடைக்காரர் அந்த அட்டையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து இழுப்பறையைச் சாத்தினார்.