குரங்கு மட்டும் நினைவிருந்தது

போரில் இடம்பெயர்ந்துபோய் நாங்கள் ஊர் திரும்பிய வருடம். பனிச்சங்கேணிப் பக்கத்தில் பாதிக் கூரை இல்லாத ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வாவிக்குப் போகும் வழியெல்லாம் மிதிவெடி எச்சரிக்கை நாடா கட்டியிருந்தது. காற்றில் அறுந்த இடங்களை யாரும் திரும்பக் கட்டவில்லை.

மிதிவெடி பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு குழு வந்தது. ஜெனரேற்றர், ரீவி, பெரிய ஒலிபெருக்கி எல்லாம் கொண்டுவந்தார்கள். படத்தில் ஒரு கார்ட்டூன் குரங்கு. தென்னையிலிருந்து விழும், கீழே கிடக்கும் வட்டச் சாமானை எடுத்துத் தொப்பி மாதிரித் தலையில் வைத்து ஆடும். பின்னால் ஒரே மேளமும் பாட்டும். அந்தச் சத்தத்துக்குள் ஒரு குரல், "தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவர்களிடம் சொல்லு" என்றது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த நாள் கேட்டேன்.

"படத்தில என்ன சொன்னவங்க?"

"குரங்கு விழுந்திச்சு, ரீச்சர்!"

"வேற?"

பாட்டை முழுதாகப் பாடிக் காட்டினார்கள்.

"சரி, மிதிவெடியைக் கண்டா என்ன செய்யணும்?"

ஒரு பிள்ளை, "தலையில வைக்கணும்" என்றது. வகுப்பே சிரித்தது.

அதே வாரம் ஒரு நாள் காலையில், மூன்றாம் வகுப்புப் பிள்ளையொருத்தி சட்டையை மடிபோலப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தாள்.

"இஞ்ச பாருங்க ரீச்சர், குரங்குட தொப்பி."

மடியில் சப்பாத்துப் பொலிஷ் ரின் அளவில், வட்டமாக, மண் ஒட்டிய ஒன்று கிடந்தது.

"அசையாத, புள்ள. அப்பிடியே நில்லு."

மற்றப் பிள்ளைகளைப் பின்வாசலால் வெளியே அனுப்பினேன். அவளுக்கு முன்னால் குந்தி, சட்டை விளிம்பை அவளோடு சேர்த்துப் பிடித்தேன். இருவருமாக மெல்ல மெல்லத் தாழ்த்தி, அதை மண்ணில் இறக்கினோம்.

"அடிப்பீங்களா, ரீச்சர்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

அவள் கை குளிர்ந்திருந்தது. ஓடாமல், அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். பின்னேரம் வெடி அகற்றுகிறவர்கள் வந்து அதை வெடிக்கவைத்தபோது மிச்சக் கூரையிலிருந்தும் ஓடுகள் உதிர்ந்தன.

படம் காட்டியவரைத் தேடிப்போய், குரங்கையும் மேளத்தையும் எடுத்துவிடச் சொன்னேன்.

"அது இல்லாட்டிப் பிள்ளைகள் பாக்க மாட்டாங்க, மிஸ்," என்றார். கெட்ட மனிதரல்ல. அடுத்த ஊருக்குப் போக வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் இருத்தினேன். பலகையில் ஒரேயொரு வட்டம் கீறினேன். தொடாதே. வந்த வழியே திரும்பு. பெரியவர்களிடம் சொல்லு. அவ்வளவுதான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. திருப்பிக் கேட்டபோது எல்லாரும் பிசகாமல் சொன்னார்கள்.

"இப்பிடி ஒண்டை ஆராவது கண்டிருக்கிறீங்களா?"

ஒரு கை உயர்ந்தது. "எங்கட கிணத்தடியில, ரீச்சர்."

இன்னொரு கை. "நாங்க விறகு பொறுக்கிற இடத்தில."

பிறகு முன்வரிசை, பின்வரிசை என்று கைகள் எழும்பிக்கொண்டே போயின. அன்று பள்ளி விட்ட பிறகும் ஒரு பிள்ளையைக்கூட நான் வீட்டுக்கு அனுப்பவில்லை.