அளவுச் சுடிதாருடன் வந்தவர்

சாலைக் கடைத்தெருவில் என் மகனின் பழைய இரும்புக்கடைக்கு, மூடிப்போன ஒரு படகுப் பயிற்சி முகாமிலிருந்து நான்கு கயாக்குகள் வந்திருந்தன. பாறை ஆற்றில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் படகுகள். களவு போய்விடுமோ என்று தினமும் எண்ணிப் பார்ப்பேன். அங்கேதான் அவரைச் சந்தித்தேன். ஒடிசலான மனிதர், கண்ணாடியை அடிக்கடி கழற்றித் துடைப்பார். மனைவிக்குக் கயாக் வாங்க வந்தவர், பையிலிருந்து அந்த அம்மாளின் அளவுச் சுடிதாரை எடுத்தார்.

"அண்ணா, இவிடெ தையல் இல்ல கேட்டோ!" என்று மகன் பாதி மலையாளத்தில் சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு இருக்கையிலும் சுடிதாரை விரித்து, இடுப்புக்கும் படகின் பக்கத்துக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பெரிசா எடுங்க சார். கவிழ்ந்தா சட்டுனு வெளிய வரலாம்."

"பெரிசுலதான் சார் கல்லாத்துல கவிழ்ந்தா. இடுப்பு உள்ள ஆடுச்சு, படகு அவ பேச்சைக் கேக்கல. அதோட துடுப்பைத் தொட மாட்டேங்கா."

"நல்லதாப் போச்சு. உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது. கரையில நிப்பேன். அவ தலை வெளிய தெரியுற வரைக்கும் எனக்கும் மூச்சு வராது."

கடைசிக் கயாக்கில் விரல் நுனிதான் நுழைந்தது. அதை எடுத்துவைக்கச் சொன்னார்.

"சேச்சியக் கூட்டிட்டு வந்து இருத்திப் பாருங்க" என்றான் மகன்.

"கூப்பிட்டா வரமாட்டா. முற்றத்துல கிடந்தா ஒரு நாள் தானா ஏறி உக்காருவா."

நானாயிருந்தால், அவள் துடுப்பைக் கீழே வைத்த அன்றே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பேன். அவ்வளவு பயந்தவர் அதே பயத்தை விலை கொடுத்து வீட்டுக்குத் தூக்கிப் போனது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.