தீர்ப்புக்கு முன் ஒரு டக்

சினிமாவின் கடைசிக் காட்சியைச் சித்தப்பாதான் பூட்டி வைத்திருக்கிறார் என்று மீசை முளைக்கும்வரை நம்பினேன். சிரிக்காதீர்கள். குவைத்திலிருந்து கொண்டுவந்த வீடியோ டெக்கில், லீவுக்கு வரும்போதெல்லாம் அதே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போடுவார். தம்பியைக் கொன்றதாக அண்ணன் கூண்டில் நிற்பான். நீதிபதி தீர்ப்புச் சொல்ல வாயைத் திறப்பார். டக். படம் நின்றுவிடும். "நாளைக்குப் பாக்கலாம், எல்லாரும் கிளம்புங்க" என்பார் சித்தப்பா. நாளைக்கு வேறு படம். அந்தக் கூடத்தில் எப்போதும் வெளிநாட்டு சோப்பு வாசனை அடிக்கும். இன்றைக்கும் அது மூக்கில் ஏறினால் பல்லைக் கடிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் அந்தப் படத்தை இணையத்தில் கண்டுபிடித்தாள். டிவியில் போட்டு உட்கார்ந்தோம். பாதிப் படத்தில் வாசலில் ஆட்டோ சத்தம். திருக்கடையூரில் யாருக்கோ அறுபதாம் கல்யாணம் முடித்துவிட்டு, தாராசுரத்தில் எங்களையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று சித்தப்பா வந்திருந்தார்! இப்படி ஆட்டோ பிடித்து வரும் எதிரி எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வைத்தேன்.

"தாத்தா, இந்த ஹீரோ ஏன் இவ்ளோ பவுடர் போட்டிருக்காரு?" என்றாள் மகள்.

"உங்கப்பன் கல்யாணத்துல போட்டதவிட கம்மிதாம்மா."

சிரிக்கட்டும் என்று விட்டேன். ரிமோட் என் கையில். நீதிபதி வாயைத் திறந்தார். சித்தப்பா முன்னால் குனிந்தார்.

டக்.

"நாளைக்குப் பாக்கலாம் சித்தப்பா."

"அப்பா, உனக்கு என்ன ஆச்சு?" என்றான் மகன். சித்தப்பா எழுந்து போனார். பிள்ளைகளும் பின்னாலேயே போனார்கள். நான் மட்டும் தனியாக உட்கார்ந்து வெற்றியைச் சிரித்துக் கொண்டாடினேன்.

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "இலை போட்டாச்சுங்க. சின்ன மாமாவக் காணோமே?"

வாசலில் அவர் செருப்பும் இல்லை. எங்கள் பக்கத்தில், போட்ட இலையில் உட்காராமல் ஒரு சொந்தக்காரர் போய்விட்டால் உறவே முறிந்தது என்று அர்த்தம். அப்புறம் எந்தக் கல்யாணத்திலும் நான் 'சித்தப்பனை இலையிலிருந்து துரத்தினவன்'தான். ஒரு காலில் என் செருப்பும் மறுகாலில் மனைவியுடையதுமாக வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் பறந்தேன். நின்ற பஸ்ஸில் ஏறி "சித்தப்பா!" என்று கத்தினேன். முன்பின் தெரியாத ஒருவர் "என்னப்பா?" என்றார்.

வீட்டுக்குத் திரும்பிக் கொல்லைப்பக்கம் போனால், துவைக்கிற கல்லில் சித்தப்பா. காலில் அதே செருப்பு. இரண்டு பக்கமும் என் பிள்ளைகள். மடியில் மகளின் போன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த டேப்ப அந்த டெக்கு அந்த எடத்துலயே கடிச்சுத் துப்பிடுச்சுடா. அதுக்கு மேல ஓடாது. ஃபாரின் சாமான்னு ஊரெல்லாம் பீத்திட்டு, அத எப்படி வெளிய சொல்றது? நானும் இன்னைக்குத்தான் முடிவப் பாத்தேன்."

இத்தனை வருஷப் பகையை இனி எந்த டெக் கம்பெனிமேல் தீர்ப்பேன்? டெக் காயலான் கடைக்குப் போயாயிற்று. அந்தக் கூடத்தில் என்னோடு உட்கார்ந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்.

போனை எட்டிப் பார்த்தேன். 'சுபம்' என்று போட்டிருந்தது. தீர்ப்பு என்னவென்று கேட்டேன். மூன்று பேரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.