எரியாத பியூஸ்

மராட்டிப் பக்கம் ஆகுர்டியில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் கார்களுக்கு வயரிங் கட்டினேன். நிஜமாகவே கட்டுகிற வேலைதான். கட்டில் அளவுக்கு ஒரு பலகை சாய்ந்து நிற்கும். அதில் ஆணிகள். ஆணிக்கு ஆணி வயரை இழுத்து, சேர்த்து, கறுப்பு டேப் சுற்ற வேண்டும். பலகைக்கு ஒரு பெண். ஆண்களுக்குப் பொறுமை கிடையாது, அதனால் பெண்களை வைத்திருக்கிறோம் என்று சொல்வார்கள். அந்தச் சம்பளத்துக்கு ஆண்கள் வர மாட்டார்கள் என்பதுதான் விஷயம்.

நான் இருந்தது கடைசிப் பலகை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பெட்டி இருக்குமே, பியூஸ் பெட்டி, அதில் பியூஸ்களைக் குத்துவது என் வேலை. கட்டைவிரல் நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு, கீழே இரண்டு தகடுக் கால்கள், உள்ளே மெல்லிய கம்பி. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. எதிர்ச் சுவரில் பெட்டியின் படம் பெரிதாக ஒட்டியிருக்கும். எந்தக் குழியில் எந்த நிறம் என்று அதில் வண்ணம் அடித்திருப்பார்கள். ஒவ்வொரு பியூஸின் தலையிலும் ஒரு நம்பரும் இருந்தது. பத்து, பதினைந்து, இருபது, முப்பது. சேர்ந்த வாரமே சூப்பர்வைசரிடம் கேட்டேன், இந்த நம்பர் எதற்கு சாகேப் என்று.

"நம்பர் மத் படோ. ரங்க் தேக்கோ, டாலோ" என்றார். நம்பரைப் படிக்காதே, நிறத்தைப் பார், போடு.

போட்டேன். இரண்டாவது மாதமே படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். மேல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது பச்சை. எதற்குப் பச்சை என்று தெரியாது. தெரியாது என்று தோன்றவும் இல்லை. எனக்கு வேலை தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். கெட்டது அதனால்தான்.

வீடு போபோடியில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில். அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ராணுவக் கிடங்கு வேலைக்கு வந்தவர். அவரும் அம்மாவும் போன பிறகு அண்ணன், அண்ணி, நான், மூன்று பேர். அண்ணன் டிரைவர். பத்து வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டிவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினான். காலையில் ஒரு கம்பெனியின் ஆபீசர்களைக் கொண்டுபோய் விட வேண்டும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் இவன் வண்டி வரவில்லை என்றால் மறுநாள் அங்கே வேறொருவன் வண்டி நிற்கும். அந்த டூட்டிக்கு இருந்த உறுதி அவ்வளவுதான்.

வாங்கிய முதல் மழைக்காலத்திலேயே வைப்பர் பியூஸ் போக ஆரம்பித்தது. வைப்பர் நான்கு முறை ஆடும், நடுக் கண்ணாடியில் நின்றுவிடும். பிடுங்கிப் பார்த்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கும். புது நீலம் ஒன்று போடுவான். இரண்டு நாள் ஓடும். மறுபடி போகும்.

எங்கள் சந்து மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் ஒருவர் கார் கரண்டு வேலை பார்த்தார். அறுபது வயது மராட்டிக்காரர், அதிகம் பேச மாட்டார். பக்கத்துக் கார் ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். அவர் பார்த்துவிட்டு, வைப்பர் மோட்டார் இறுகிக் கிடக்கிறது, அதுதான் பியூஸைத் தின்கிறது, கழற்றிச் சரி செய்ய வேண்டும், வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போ என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணனுக்கு ஒரே கோபம். "ரெண்டு நாளு வுடுன்றான் கெழவன். மழைல ரெண்டு நாளு வண்டி வுட்டா டூட்டி பூடும்னு அவனுக்கு இன்னா தெரியும்?"

அண்ணி குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். "வூட்லயே ஒருத்தி தெனம் ஆயிரம் பியூசு குத்திட்டு வரா. நீ தகரக் கொட்டாயில போயி நிக்கற."

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஆமா, இன்னா பாப்பா, ஒங் கம்பெனி மூளைய அண்ணனுக்கும் கொஞ்சம் காட்டேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குள் குனிந்து பெட்டியைத் திறந்தேன். அண்ணனுடைய வண்டியும் நாங்கள் வயரிங் கட்டுகிற வண்டியும் வேறு வேறு கம்பெனி. ஆனால் பெட்டி அதே மாதிரி இருந்தது. இரண்டு வரிசை, அதே நகத்தளவு குழிகள். மேல் வரிசையில் மூன்றாவது நீலம். அதுதான் அறுந்திருந்தது.

"இங்க பச்சை வரணும்ணா" என்றேன். "எவனோ நீலம் போட்டு வச்சிருக்கான். அதான் தாங்கல."

"நெசமாவா? கெழவனும் எப்பவும் நீலந்தான் போடுவான்."

"அவன் எங்க படிச்சான்? நான் கம்பெனில போடறேன்."

பச்சை என்னிடமே ஒன்று இருந்தது. லைனில் கீழே விழுந்த பியூஸைத் திரும்பப் பெட்டியில் போடக் கூடாது, சிவப்புத் தொட்டியில் எறிய வேண்டும். அப்படி விழுந்த ஒன்றை எப்போதோ டிபன் டப்பாவில் போட்டு, கேட்டில் தடவிப் பார்க்கும் காவலாளி அம்மாவைத் தாண்டிக் கொண்டுவந்திருந்தேன்.  பார்க்க நன்றாக இருந்தது.

குத்தினேன். வைப்பர் ஆடியது. மெதுவாக, முனகிக்கொண்டு ஆடியது, ஆனால் நிற்கவில்லை. அண்ணி எனக்கு ஏலக்காய் போட்டு டீ கொடுத்தாள். அண்ணன் ஸ்டாண்டில் போய், "அசலு கம்பெனி பியூசு, எந் தங்கச்சி போட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். பத்துப் பன்னிரண்டு நாள் பியூஸ் போகவே இல்லை. வண்டியைத் தகரக் கொட்டகையில் விடவும் இல்லை.

பிறகு ஒரு மத்தியானம், தாபோடி பாலம் தாண்டி நல்ல மழையில் வரும்போது, வைப்பர் நின்றது. ஸ்டியரிங்குக்குக் கீழிருந்து புகை வந்தது. வண்டியில் வேறு யாரும் இல்லை. அண்ணன் இறங்கி ஓடியிருக்கலாம். அது அவனுடைய வண்டி, அதனால் ஓடவில்லை. எரிகிற வயரைப் பிடுங்கிவிடலாம் என்று வலது கையை உள்ளே விட்டான். உருகின பிளாஸ்டிக் கையில் வழிந்து ஒட்டிக்கொண்டது. டீக்கடைக்காரர்கள் மணலை அள்ளிப் போட்டு அணைத்தார்கள். வண்டி பாதிதான் எரிந்தது. கை முழுசாக வெந்தது.

அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வண்டியை இழுத்துவந்து ஸ்டாண்டு ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். உள்ளே வயர்கள் வெறும் செம்பாகக் கிடந்தன. பெட்டி ஒரு பக்கம் வழிந்து இறுகியிருந்தது. மூன்றாவது குழியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி என் பச்சை பியூஸை வெளியே எடுத்தேன். கரியைத் துப்பட்டாவில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே கம்பி அறுபடாமல் அப்படியே இருந்தது.

எனக்கு மூச்சு வந்தது. என் பியூஸ் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் தப்பு என்னுடையது இல்லை. தகரக் கொட்டகை ஆள் வைப்பரைப் பார்க்கிறேன் என்று எதையோ கழற்றி மாட்டியிருக்கிறார். இதை ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அண்ணனிடமும் சொன்னேன்.

மறுநாள் ஏழெட்டு டிரைவர்கள் தகரக் கொட்டகைக்குப் போனார்கள். சாட்சிக்கு நானும் போனேன். அவர் சாலிடரிங் வைத்துக்கொண்டிருந்தார். ஒருவன் அவருடைய மீட்டரை எடுத்து ரோட்டில் எறிந்தான். நான் உள்ளங்கையில் பியூஸை வைத்து நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"யே கிஸ்னே டாலா?" இதை யார் போட்டது?

"மைனே. கம்பெனி கா ஹை" என்றேன். நான்தான், கம்பெனியுடையது.

 என்னைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஃப்யூஜ் நஹீ ஜலா, இஸீலியே காடி ஜலீ." பியூஸ் எரியவில்லை, அதனால்தான் வண்டி எரிந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். "கெழவனுக்குக் கழண்டுகிச்சு. பியூசு நல்லாகீதாம், அதனால வண்டி எரிஞ்சிதாம்!" என்றான் ஒரு டிரைவர், அண்ணனோடு கூடவே சுற்றுகிறவன். நானும் சிரித்தேன். அவன் அவரைக் கன்னத்தில் அறைந்தான். கண்ணாடி தெறித்து வயர்ச் சுருளுக்குள் விழுந்தது. அவர் குனிந்து அதைத் தேடினார். 

ஸ்டாண்டு வண்டி ஒன்றுகூட அவரிடம் போகவில்லை. தீபாவளிக்குள் கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. அண்ணன் கை ஆறியது. ஆனால் மூன்று விரல்கள் உள்பக்கமாக மடங்கியே நின்றுவிட்டன. கியரைப் பிடிக்க முடியாது. ஸ்பூனைக்கூட இடது கையில்தான் பிடித்தான். வீடு என் சம்பளத்தில் ஓடியது.

ஒரு வருஷத்துக்கு மேல் போயிருக்கும். கம்பெனிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டிரெயினி இன்ஜினீயர் வந்தான். வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுக்க என் பலகைக்குப் பக்கத்தில் வாட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் சலித்துக்கொண்டது தமிழில் காதில் விழுந்ததும், "அக்கா நம்மூருங்களா?" என்று ஒட்டிக்கொண்டான். ஒரு நாள் பேச்சுவாக்கில், பியூஸ் நன்றாக இருந்தும் வண்டி எரியுமா தம்பி என்று கேட்டேன்.

"எரியுமுங்க. பெரிய நம்பர் போட்டா அப்படித்தான் ஆகும்" என்றான். "ஒவ்வொரு ஒயரும் இவ்வளவுதான் தாங்கும்னு ஒண்ணு இருக்குதுங்க அக்கா. கரண்டு அதைத் தாண்டறதுக்கு முன்னாடி பியூஸ் அறுந்துறோணும். அறுந்தாத்தான் ஒயர் பொழைக்கும். பதினஞ்சு போடற எடத்துல முப்பதப் போட்டா, பியூஸ் கம்முனு உக்காந்திருக்கும், ஒயர் எரியும்."

"நம்ம பெட்டில மூணாவது பச்சை எதுக்கு?"

"ரேடியேட்டர் பேனுக்குங்க. அதுக்குத் தடி ஒயர். வேற வண்டில அந்த எடம் வேறெதுக்காச்சும் இருக்கும்."

பத்து வாக்கியம்கூட இல்லை. நாலு வருஷம் அந்தக் குழியில் பச்சை குத்தியிருக்கிறேன். அதற்கு வரும் வயர் தடியானது என்று என் விரலுக்குத் தெரியும். அதை எனக்குச் சொல்ல ஒரு நாய்க்கும் நேரம் இல்லை. டீ இடைவேளையில் சூப்பர்வைசரிடம் போய்க் கத்தினேன். அவர் புரியாமல் பார்த்தார். "உன் வேலைக்கு அது எதற்கு?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான், கம்பெனி கணக்கில். என் பலகையில் ஒரு பியூஸ்கூட தப்பாகப் போனதில்லை.

தகரக் கொட்டகைக்காரரைத் தேடினேன். தளேகாவில் மருமகன் வீட்டில் இருக்கிறார் என்று எங்கள் தெரு டீக்கடைக்காரர் சொன்னார். வார லீவில் லோக்கல் ரயிலில் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால், லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் கடையில், ஸ்டூலில் உட்கார்ந்து பேட்டரியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடியின் ஒரு காலில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. அழுதுகொண்டே, அன்றைக்கே ஏன் விளக்கிச் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்படிக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று தெரியவில்லை.

"சொன்னேனே" என்றார். "நீ சிரித்தாய்."

அடுத்த பேட்டரியின் மூடியைத் திருகினார். "இதை என்னிடம் எதற்குச் சொல்கிறாய்? எனக்குத் தெரியும். அதை எங்கே சொன்னாயோ அங்கே போய் இதையும் சொல்."

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து நேராக ஸ்டாண்டுக்குப் போனேன். அண்ணனும் அங்கேதான் இருந்தான். வேலை இல்லை என்றாலும் தினமும் அங்கே போய் உட்காருவான். எல்லார் முன்னாலும் சொன்னேன். பச்சை நான் போட்டது. வயர் தாங்காத பச்சை. கிழவர் மேல் தப்பு இல்லை. வண்டியை எரித்தது நான்.

 அவரை அறைந்தவன் வாயிலிருந்த புகையிலையைத் துப்பினான். "ஜானே தே. ஆனது ஆச்சு" என்றான். போகட்டும் என்று அடிபட்டவர் அல்லவா சொல்ல வேண்டும். அடித்தவன் சொன்னான்.

அண்ணன் மட்டும், "வூட்டுக்குப் போ பாப்பா" என்றான்.

சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தான். என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"கெழவன அடிக்கச் சொன்னது நானு. ஆஸ்பத்திரில படுத்துக்கினு நாந்தான் சொல்லி அனுப்சேன்."

அண்ணி அடுப்பங்கரையிலேயே நின்றுவிட்டாள்.

"இத்தினி நாளு இந்தக் கைய அவன் கணக்குல போட்டு வச்சிருந்தேன். அதுல தூக்கம் வந்துச்சு. இப்ப ஒங் கணக்குல போடுன்ற. எப்படிப் போடறது? நீ போடற சோத்தத் துன்றேன்."

"அண்ணா…"

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றான் அண்ணியிடம்.

அதற்குப் பிறகு அவன் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டதில்லை. சண்டை எதுவும் போடவில்லை. எதையாவது சொல்ல வேண்டியிருந்தால் அண்ணியிடம் சொல்வான், அவள் என்னிடம் சொல்வாள். ஒரு தடவை தளேகாவ் போய் அவரைப் பார்த்துவிட்டு வா என்று அண்ணி மூலமாகவே சொல்லிப் பார்த்தேன். போகவில்லை. அவரும் போபோடிக்குத் திரும்பி வரவில்லை. பிறகு ஒரு நாள் அந்தக் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள்.

ஸ்டாண்டில் சொன்ன மறுநாளும் எனக்குக் காலை ஷிப்ட். தினமும் வாசல் வரை வந்து டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும் அண்ணி, அன்று அதை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனேன். பலகைக்கு முன்னால் நின்று, மேல் வரிசையில் மூன்றாவது குழிக்குப் பச்சையை எடுத்தேன். முப்பது என்று படித்தேன். குத்தினேன். அடுத்த பெட்டி வந்தது.