முத்திரை உடைக்காத பதினேழு நாட்கள்

முதலில் போனது என் குரலின் மேல் பாதி. மூன்றாம் வகுப்புக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது உயரத்தில் எடுக்க வேண்டிய இடம் வந்தால் சத்தம் உடைந்து காற்றாக வெளியே வந்தது. ஆசிரியர்களுக்குத் தொண்டை கட்டுவது புதிதில்லை. இஞ்சித் தேநீர் குடித்தேன். ஒரு பள்ளித் தவணை முழுவதும் அப்படியே போனது. முன்வரிசையில் இருந்த பிள்ளை ஒருத்தி, "டீச்சர், உங்கட சத்தம் வாப்பாட சத்தம் மாதிரி இருக்கு" என்று சொன்ன அன்றுதான் பயம் வந்தது.

புத்தளத்தில் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் மூக்கு வழியாக மெல்லிய கமராவை விட்டுப் பார்த்தார். இழையப் பரிசோதனைக்கு (சந்தேகமான இடத்தில் சிறு துண்டு தசையை எடுத்து ஆராய்வது) எழுதினார். முடிவு வந்தது: குரல்வளையில் புற்றுநோய். நான் சிகரெட்டைக் கையால் தொட்டவள்கூட இல்லை. அதை வைத்தியரிடம் மூன்று தடவை சொன்னேன். அவர் மூன்று தடவையும் "தெரியும்" என்றார்.

கொழும்பில் குரல்வளையை முழுவதாக அகற்றினார்கள். அதற்குப் பிறகு மூக்குக்கும் நுரையீரலுக்கும் தொடர்பு இல்லை. கழுத்தின் அடியில் ஒரு ரூபாய்க் காசளவு துவாரம் வைத்திருக்கிறார்கள். மூச்சு அதன் வழியாகத்தான் வந்து போகிறது. இருமலும் அப்படித்தான். என்னால் தேநீரை ஊதி ஆற்ற முடியாது. சோறு அடிப்பிடித்தால் மணம் தெரியாது. கிசுகிசுக்கக்கூட முடியாது, ஏனென்றால் வாய்க்குக் காற்று வருவதில்லை. இதை எழுதுவது, இதே சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டு பயந்திருப்பவர்களுக்காக. இவை எல்லாவற்றுக்கும் பழகலாம். பழக முடியாத ஒன்றுதான் வறட்சி.

மூக்கு செய்துவந்த வேலை எவ்வளவு பெரியது என்று அது இல்லாதபோதுதான் தெரியும். உள்ளே போகும் காற்றை அது சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடித்து அனுப்புகிறது. துவாரத்தால் நேராகப் போகும் காற்று மூச்சுக்குழாயைக் காய வைக்கும். சளி இறுகிப் பொருக்காகும். பொருக்கு பெரிதானால் வழியை அடைத்துவிடும். அதனால் வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் ஓர் ஈரப்பதமூட்டி (அறையின் காற்றில் நுண்ணிய நீர்த்துளிகளைப் பரப்பும் சாதனம்) வாங்கச் சொன்னார்.

"பில்டர் தண்ணிய கொதிக்க வெச்சு ஆறவிட்டு ஊத்துங்க. கெணத்துத் தண்ணி வேணாம். உங்கட ஊர்த் தண்ணியில சுண்ணாம்பு கூட" என்றார்.

என் கணவர் நிஸ்தார் அதைத் தொலைபேசியில் குறித்துக்கொண்டார். அவர் கற்பிட்டியில் படகு எஞ்சின் திருத்துபவர். வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டில்தான் அவருடைய வேலைத்தளம். சாதனத்தைப் புத்தளத்தில் ஒரு கடையில் வாங்கி, உத்தரவாத அட்டையை என் பெயரில் எழுதிவித்தார். ஒரு வருட உத்தரவாதம். அடிப்பக்கத்து ஆணிகளின் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு முத்திரை ஒட்டியிருந்தது. அதைக் கிழித்தால் உத்தரவாதம் இல்லை என்று மூன்று மொழியிலும் அச்சிட்டிருந்தார்கள்.

வீட்டில் அதற்கு 'ஆவி மெஷின்' என்று பெயர் வந்தது. என்னைத் தாத்தா (அக்கா) என்று அழைக்கும் பக்கத்து வீட்டு பஸ்லியா பார்க்க வந்தபோது சிரித்தாள். "கடலுக்குப் பக்கத்தில இருந்துக்கிட்டு ஈரத்தக் காசு குடுத்து வாங்கினீங்களா தாத்தா?"

எனக்கும் அப்போது சிரிப்பு வந்தது. கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கியதும் அது போய்விட்டது. அந்த மாதங்களில் எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்தைவிட மணல்தான் அதிகம். யன்னல்களைச் சாத்தி, மெஷினைக் கட்டில் தலைமாட்டில் வைத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை துவாரத்தில் மருந்துக்கடை உப்புநீரில் சில துளிகள் விட்டு இருமினேன். ஆறு மாதம் அப்படி ஒழுங்காகப் போனது.

ஏழாவது மாதம் ஒரு காலையில் மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. தாங்கி நிறையத் தண்ணீர் இருந்தும், தண்ணீர் இல்லை என்று காட்டியது. நிஸ்தார் அதைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார். கை தானாகவே திருப்புளியைத் தேடியது.

"பத்து நிமிஷ வேல. தொறந்து பார்க்கட்டா?"

நான் பேச்சுக்குப் பதிலாக வைத்திருக்கும் சிலேட்டில் எழுதினேன்: முத்திரை. அதன் கீழே கோடும் போட்டேன்.

இன்னும் ஐந்து மாத உத்தரவாதம் இருந்தது. சரியான வழி இருக்கும்போது குறுக்கு வழி எதற்கு என்று நினைத்தேன். நான் ஆசிரியை. அறிவுறுத்தலை இரண்டு தடவை வாசி என்று இருபது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவள்.

அன்று பகலே கம்பெனிக்கு அழைத்தோம். நிஸ்தார் தொலைபேசியை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினார். மறுமுனையில் ஒரு பெண், இனிமையான குரல், விவரங்களை எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வொரண்டி மேடம்ட பேர்ல இருக்கு சேர். மேடத்துக்கிட்ட ஃபோனக் குடுங்க."

"அவங்களுக்குப் பேச ஏலாது."

"அப்ப மேடம் ஃப்ரீ ஆனதும் எடுங்க சேர்."

"இல்ல தங்கச்சி. அவங்களுக்குப் பேசவே ஏலாது. தொண்டைய எடுத்திருக்கு. அதுக்குத்தானே இந்த மெஷினே!"

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதே இனிமையோடு, "உரிமையாளர்ட சம்மதம் ரெக்கோர்ட் ஆகோணும் சேர். 'ஓம்' எண்டு ஒரு சொல்லு சொன்னாப் போதும்."

நிஸ்தார் என்னைப் பார்த்தார். நான் குனிந்து வாயைத் திறந்து 'ஓம்' என்று உதட்டை அசைத்தேன். கழுத்தில் இருந்து ஒரு காற்றுச் சத்தம் மட்டும் போனது. தொலைபேசியில் அது எப்படிக் கேட்டிருக்குமோ தெரியாது. அந்தப் பெண் முறைப்பாட்டைப் பதிந்து இலக்கம் தந்தாள். நிஸ்தார் அதை எழுதிக்கொண்டார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு நான் அழாத அழுகையை அன்றுதான் அழுதேன். சத்தமில்லாமல் அழுவதும் ஒரு பழக்கம்தான்.

மறுநாள் மெஷினைப் புத்தளத்துக் கடையில் ஒப்படைத்தார். அங்கிருந்து அது கொழும்புக்குப் போனது. பதிலுக்குத் தற்காலிகமாக வேறொன்று தருவீர்களா என்று கேட்டதற்கு, அப்படி ஒரு முறை இல்லை என்றார்கள்.

இடைப்பட்ட நாட்களில் என்ன செய்தோம் என்பதையும் சொல்கிறேன். ஈரத்துணியை மடித்துத் துவாரத்தின் முன்னால் தொங்கவிட்டேன். அறையில் கயிறு கட்டி நனைத்த சாரம், துவாய் எல்லாம் விரித்தோம். உப்புநீரை இரண்டு மணித்தியாலத்துக்குப் பதிலாக மணித்தியாலத்துக்கு ஒருமுறை விட்டேன். ஆனாலும் சளி நாளுக்கு நாள் இறுகியது. இருமினால் கழுத்தில் சீழ்க்கை போல ஒரு சத்தம் வரத் தொடங்கியது. நிஸ்தார் அதைக் கேட்டும் கேட்காதவர் போல இருந்தார். நான் அதைப் பற்றி எழுதவில்லை. நாளைக்கு மெஷின் வந்துவிடும் என்று இருவரும் ஒருவருக்கொருவர் நடித்தோம்.

பதின்மூன்றாம் நாள் காலை ஒரு செய்தியும் படமும் வந்தன. படத்தில் தாங்கிக்குக் கீழிருந்த தட்டு முழுவதும் வெள்ளைப் படிவு. 'பொருத்தமற்ற நீர் பாவித்ததால் உத்தரவாதம் செல்லாது.'

எனக்குத் தலை சூடேறியது. ஆறு மாதமும் கொதிக்கவைத்த பில்டர் தண்ணீர்தான். அதை நானே அளந்து ஊற்றினேன். கொப்பியில் இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பொய் சொல்கிறீர்கள் என்றே எழுதினேன். கிழித்து நிஸ்தாரிடம் நீட்டி, படம் எடுத்து அனுப்புங்கள் என்று சைகை காட்டினேன். அவர் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார்.

லுஹர் (நண்பகல் தொழுகை) தொழுது முடித்து எழும்பும்போது மூச்சு பாதியில் நின்றது.

உள்ளே இழுத்தேன், வரவில்லை. இருமினேன், ஏதோ ஒன்று உள்ளே கதவு போல ஆடியது, திறக்கவில்லை. உப்புநீர்ப் போத்தல் மேசையில் இருந்தது. கை பட்டு அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. கூப்பிடக் குரல் இல்லை. கொட்டிலில் எஞ்சின் ஒன்று முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தட்டை எடுத்து நிலத்தில் அடித்தேன். என் காதுக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

குசினி வழியாக நடந்தேன். அது பன்னிரண்டு எட்டுத் தூரம். அன்று ஒவ்வோர் எட்டையும் தனித்தனியாக வைத்தேன். கண்ணில் ஓரங்கள் கறுத்தன. கொட்டில் வாசலில் தகரத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்திருந்த அவருடைய முதுகில் இரண்டு கையாலும் அறைந்தேன்.

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. என்னைக் கதிரையில் இருத்தி, தலையை முன்னால் சாய்த்து, உள்ளே ஓடி இன்னொரு போத்தலோடு வந்தார். வார்ட்டில் தாதி காட்டிக்கொடுத்தபடி துளிகளை விட்டார். "இருமுங்க ஸரீனா. இருமுங்க. இன்னொருக்கா. இன்னும்..."

நான்காவது இருமலில் அது வந்து விழுந்தது. சுண்டுவிரல் நகத்தளவு, காய்ந்த பிசின் போல, ஓரத்தில் இரத்தம். பிறகு காற்று வந்தது. அந்தக் காற்றில் பெற்றோல் எரிவு இருந்தது. அதையும் ஆசையோடு இழுத்தேன்.

ஊர் ஆஸ்பத்திரியில் மிச்சச் சளியை உறிஞ்சி எடுத்தார்கள். வைத்தியர் இளம் பெண். துவாரத்துக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "எத்தன நாளா மெஷின் இல்ல?" என்று கேட்டார்.

"பதிமூணு நாள்" என்றார் நிஸ்தார்.

"ஏன் வந்து சொல்லல்ல? எங்கட நெபியுலைசர் (மருந்தை மூடுபனி போன்ற புகாராக்கித் தரும் கருவி) இருக்கு. தெனமும் வந்து உப்புநீர்ப் புகார் புடிச்சிருக்கலாமே. மெஷின் வாற வரைக்கும் மூச்சு காத்திருக்காது, மிஸ்."

எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. கம்பெனி, கடை, முறைப்பாட்டு இலக்கம் என்றே பதின்மூன்று நாளும் யோசித்தோம். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது.

திரும்பி வரும்போது நிஸ்தார் முச்சக்கரவண்டியைச் சந்தியில் நிறுத்தச் சொல்லி இறங்கினார். மீதியை நடந்து போவோம் என்றார்.

"அந்தக் கடிதத்த நான் அனுப்பல்ல" என்றார்.

நான் நின்றேன்.

"நீங்க வார்ட்டால வந்த கெழம. பில்டர் தண்ணிக் கடைட மோட்டர் பழுதாகி நாலு நாள் பூட்டியிருந்திச்சி. நீங்க எழும்பவும் ஏலாமக் கெடந்தீங்க. நான்தான் கெணத்துத் தண்ணியக் கொதிக்க வெச்சி ஊத்தினேன். கொதிச்சாச் சரிதானேண்டு நெனச்சேன். வெள்ள புடிச்சத அப்பவே கண்டேன். சொல்லப் பயமா இருந்திச்சி."

நடு வீதியில் சிலேட் இல்லை. என் உதட்டை வாசிக்க அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். கோபம் வந்தது உண்மை. அந்த நாலு நாளும் என் துவாரத்தைத் துடைத்து, சளி எடுத்து, கதிரையிலேயே தூங்கியவர் இவர் என்பதும் கூடவே வந்தது. முத்திரையை உடைக்க வேண்டாம் என்று கோடு போட்டவள் நான் என்பது கடைசியாக வந்தது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மீதித் தூரத்தை நடந்தேன். எண்ணெய்க் கை, வழுக்கியது.

அதன் பிறகு தினமும் ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய்ப் புகார் பிடித்தேன். பதினேழாம் நாள் மெஷின் திரும்பி வந்தது. புரட்டிப் பார்த்தோம். முத்திரை அப்படியே இருந்தது. கொழும்பில் யாரும் அதைத் திறக்கவே இல்லை. தட்டைப் பார்த்ததோடு முடித்துவிட்டார்கள்.

நான் சிலேட்டை எடுக்கவில்லை. நகத்தால் முத்திரையின் ஓரத்தைக் கிளப்பி நானே கிழித்தேன். நிஸ்தார் ஆணிகளைக் கழற்றினார். தண்ணீர் மட்டத்தை அறியும் சிறு மிதவை ஒரு மூடிக்கு அடியில் வெள்ளைப் படிவில் இறுகி ஒட்டிக்கிடந்தது. தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தார். மிதவை அசைந்தது. மூடிப் பூட்டி, தண்ணீர் ஊற்றி, மின் ஆளியைப் போட்டார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெஷினின் வாயில் மெல்லிய வெண்மை எழும்பியது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பத்து நிமிஷமில்ல, அர மணித்தியாலம்" என்றார்.

அடுத்த நாள் கம்பெனிக்கு வேறொரு கடிதம் எழுதினேன். நாலு நாள் கிணற்றுத் தண்ணீர் பாவித்தது உண்மை, உங்கள் முடிவில் பிழையில்லை என்று எழுதினேன். ஆனால் கழுத்தால் மூச்சு விடும் ஒருவருக்கு 'இல்லை' என்ற பதில் பதின்மூன்றாம் நாளில் வரக்கூடாது, முதல் நாளிலேயே வர வேண்டும் என்றும், குரல் இல்லாதவரிடம் குரலைக் கேட்காதீர்கள் என்றும் எழுதினேன். ஒரு கிழமைக்குப் பிறகு இரண்டு வரிப் பதில் வந்தது. உத்தரவாத விஷயத்தில் ஒன்றும் மாறவில்லை. என் பதிவில் 'எழுத்து மூலம் மட்டும் தொடர்புகொள்ளவும்' என்று சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள்.

இப்போது என் நாள் மணித்தியாலங்களாக ஓடுவதில்லை. துளி விடும் நேரம், துணி மாற்றும் நேரம், தண்ணீர் ஊற்றும் நேரம் என்று சிறு சிறு துண்டுகளாக அது வருகிறது. காற்று திசை மாறுவதை மற்றவர்கள் மரத்தைப் பார்த்து அறியும் முன்னே நான் கழுத்தில் அறிகிறேன். உள்ளே காய்கிறதா, இளகியிருக்கிறதா என்று எனக்குத் தெரிகிறது. முன்பு எனக்குள் இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது.

போன மாதம் கொழும்பில் பரிசோதனை. வைத்தியர் கமராவை வெளியே எடுத்து, கையுறையைக் கழற்றி, "நல்லா இருக்கு. இனி ஆறு மாசத்தால வாங்க" என்றார். அதுவரை நான்கு கிழமை, ஆறு கிழமை என்றுதான் திகதி தந்திருந்தார்கள்.

வெளியே போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்தோம். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நிஸ்தார் திகதி எழுதிய துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆறு மாசம்" என்றார். "அவ்வளவு நேரத்துக்கும் என்ன செய்ற?"

நான் சிலேட்டை மடியில் வைத்து யோசித்தேன். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எதையும் யோசித்து நெடுநாளாகிவிட்டது. ஒன்றும் வரவில்லை. வராதது எனக்குப் பயமாகவும் இல்லை. கடைசியில், பசிக்கிறது என்று எழுதிக் காட்டினேன்.