பேச்சியக்கா போடாத முடிச்சு

பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் மழை விழும்போது பாடம் நடத்த முடியாது. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றிருந்தேன். கடைத்தெருவிலிருந்து ஏறி வந்த ஜீப் வாசலில் நின்றது. டிரைவர் இறங்காமலே தலையை மட்டும் வெளியே நீட்டி, "ஆத்தோரத்துப் பேச்சியம்மா காலையில போயிட்டாங்க டீச்சர். உங்ககிட்ட சொல்லச் சொன்னாவ" என்றார். நான் தலையாட்டினேன். ஜீப் திரும்பிப் போனது. பிள்ளைகள் எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

மூணாறு கடைத்தெருவுக்குக் கீழே, ஆற்றங்கரைப் புறம்போக்கில், தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சுவராக அடித்த குடிசைகளை அறியாதவர்கள் இந்த மலையில் இருக்க மாட்டார்கள். எஸ்டேட்டில் வேலை போனவர்கள்தான் அங்கே வந்து சேருகிறார்கள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். வீடு வேண்டுமென்றால் குடும்பத்தில் இன்னொருவரின் பெயரை எஸ்டேட்டின் ஆள் பதிவேடான செக்ரோலில் ஏற்ற வேண்டும். பேச்சியக்காவின் கணவர் முன்பே இறந்துவிட்டார். அக்காவுக்கு இளைப்பு முற்றி, கொழுந்து கிள்ள இனி ஆகமாட்டார் என்று எஸ்டேட் டாக்டர் எழுதிவிட்டபோது, மகள் செல்வி ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரை ஏற்றச் சொல்லி லயமே கூடிப் புத்தி சொன்னது. அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாராம்: "எங்கம்மா வீட்டுக்காக எம் பேரு ஏறுச்சு. அதோட போதும்." அந்த வாரமே சட்டி பானையோடு ஆற்றங்கரைக்கு இறங்கிவிட்டார்.

நான் அவரோடு நெருங்கியது படங்கினால்தான். கொழுந்து கிள்ளும் பெண்கள் ஈரச் செடியிலிருந்து சேலையைக் காக்க இடுப்பில் சுற்றிக் கட்டும் சாக்குக்குப் படங்கு என்று பெயர். மழைக்காலத்தில் அந்தச் சாக்கே நனைந்து, பகல் முழுவதும் தொடையில் ஒட்டிக் கிடக்கும். உரமூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழுவிக் காயவைத்து, சாக்கின் உள்பக்கம் வைத்துத் தைத்தால் என்ன என்று அக்காவுக்குத் தோன்றியது. என் வீட்டில் அம்மாவின் கைமிஷின் இருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் பள்ளி விட்டதும் வந்து நின்றார்.

"மிஷினு சும்மாத்தான கெடக்கு டீச்சரு?"

"ஆமாம்."

"ஞாயித்துக்கெழம நீங்களும் சும்மாத்தான இருக்கிய?"

படிப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த ஞாயிறு மிஷினைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். அங்கே மூக்கம்மாளும் இன்னும் சில பெண்களும் சாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரையிலேயே வாய் நீளமானவர் மூக்கம்மாள். "ஏட்டி, டீச்சரு தைக்கதப் பாரு, பரீச்சப் பேப்பர் திருத்துத மாதிரி இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரித்துச் சிரித்து இருமினார். அந்த இருமலை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சம்பளத்துக்கு மறுநாள் சந்தையில் படங்குகள் நன்றாகவே போயின. ஆனாலும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. காரணம் புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயிற்று. முதல் நாள் தேயிலைக் காட்டுக்குப் போகிற பெண்ணுக்குத் தாயோ அத்தையோ தைத்துக் கட்டிவிடுவதுதான் முதல் படங்கு. அதை யாரும் விற்பதுமில்லை, வாங்குவதுமில்லை. ஆற்றங்கரைப் பெண்கள் அத்தனை பேரும் அப்படித்தான் காட்டுக்குப் போனவர்கள். புதிதாகப் பேர் பதிந்த ஒரு பெண் கடை முன்னால் வந்து நின்றால், இவர்களுக்கு விலை சொல்ல வாய் வராது. கட்டிவிட்டு, நெற்றியில் திருநீறும் பூசி அனுப்பிவிடுவார்கள். இது தெரிந்து, மேல் டிவிஷனிலிருந்தெல்லாம் பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

"இப்பிடியே போனா நாம தொழில் பண்ணல மூக்கம்மா, ஊருக்குச் சீர் செய்யுதோம்" என்றார் அக்கா.

"அதுக்கு? கன்னிப் படங்குக்குக் காசு வாங்கச் சொல்லுதியா? எங்கையால வாங்கமாட்டேன்."

இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். சாக்குக்கு விலை உண்டு. இடுப்பில் கட்டும் நாடா மட்டும் நம் சீர். பழஞ்சேலையைக் கிழித்து, மூன்று புரியாகப் பின்னி, சிவப்பு நூலால் ஓரம் கட்டிய நாடா. முதல் நாள் போகிற பெண்ணுக்கு அதை அவரே கட்டிவிடுவார். மூக்கம்மாள் அரை மனதோடு ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஆற்றங்கரைக் குடிசைகளில் இரண்டு வேளை அடுப்பு எரிந்தது. செல்வி பத்தாம் வகுப்பு முடித்ததும் அந்தப் படங்குகளால்தான். அடுத்த வருஷம் கோட்டயத்தில் நர்ஸ் படிப்பில் சேர்வது என்றிருந்தது.

அளவெடுக்க அக்காவிடம் ஒரு கயிறு இருந்தது. குட்டை, நடுத்தரம், நெட்டை என்று முடிச்சுகள். இடுப்பிலிருந்து கயிற்றைக் கீழே விட்டால், எந்த முடிச்சு முழங்காலுக்குக் கீழே வருகிறதோ அதுதான் அளவு. ஒருமுறை, வர முடியாமல் போன ஒரு பெண்ணுக்காகத் தைக்க வேண்டியிருந்தது. அவள் செல்வியின் உயரம்தான் இருப்பாள் என்று மூக்கம்மாள் செல்வியைக் கூப்பிட்டு நிறுத்தினார். கயிறு அவள் இடுப்பைத் தொடுவதற்குள் அக்கா வந்து பிடுங்கிக்கொண்டார்.

"அவளுக்கு அளவெடுக்காத."

"ஏட்டி, ஒரு ஒப்புக்குத்தான். அவ என்ன தேஞ்சா போயிருவா?"

"ஒப்புக்கும் வேண்டாம்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அங்கே யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

எமர்ஜென்சி முடிந்து வந்த இந்த மழைக்காலம் கொடியது. ஆறு ஏறி, கடைசிக் குடிசைகளைக் கொண்டுபோனது. அக்காவின் குடிசையில் ஒரு பக்கப் பலகை போய், அங்கே சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் கடைசியாகப் பார்த்தபோது படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மடியில் பாதி பின்னிய நாடா. "ஊருக்கெல்லாம் நனையாம தச்சுக் குடுத்தேன், என் வீட்டு மழைக்கு ஒரு படங்கு தைக்கத் தெரியல பாருங்க டீச்சரு" என்றார். சிரிக்க முயன்றார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அடக்கம் முடிந்த மாலை, அவருடைய அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலை பார்ப்பவர். இந்த மாதத்தோடு சர்வீஸ் முடிகிறது. வீட்டில் அவரும் மனைவியும்தான், பிள்ளைகள் இல்லை. "செல்வி பேரு ஏறுனா அவளுக்கும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரு கூரை. ஏறலன்னா மூணு பேரும் இந்த ஆத்தோரந்தான். நீங்க சொன்னா கேப்பா" என்றார். அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூக்கம்மாள்தான் குறுக்கே வந்தார். "அவ எங்களோட இருப்பா. நாங்க தச்சுப் படிக்க வைக்கோம். நீரு போவும்."

அவர் போகவில்லை. சாக்கு தொங்கிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டு மழையிலேயே நின்றார்.

பத்து நாள் கழிந்து செல்வி என் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்தக் கயிறு.

"அம்மா இருந்தா ஏசுவா டீச்சர். ஆனா மாமாவும் அத்தையும் எங்க போவாவ?" என்றாள். பிறகு, "மூக்கம்மா பெரியம்மா அளவெடுக்க மாட்டேன்னுட்டா. நீங்க எடுங்க" என்றாள்.

எதிரே வந்து நேராக நின்றாள். கயிற்றின் ஒரு நுனியை அவள் இடுப்பில் வைத்துக் கீழே விட்டேன். நெட்டைக்கான முடிச்சு அவள் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் இருந்த வருஷங்களில் அவள் அம்மாவைவிட, அந்தக் கரையில் எல்லோரையும்விட உயர்ந்துவிட்டிருந்தாள். முடிச்சுக்குக் கீழே கயிறு வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமையில் ஒரு முடிச்சை நான் போட்டேன்.

ஒன்றாம் தேதி அவள் காட்டுக்குப் போகிறாள். சாக்கு வெட்டியாகிவிட்டது. அக்கா பாதியில் விட்ட நாடாவை மூக்கம்மாள் பின்னி முடித்து, என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆற்றங்கரைப் பெண்கள் ஞாயிறுதோறும் தைக்கிறார்கள். மிஷின் இப்போது அங்கேயே இருக்கிறது. அக்காவுடையது என்று என்னிடம் மிஞ்சப்போவது அந்தக் கயிறு மட்டும். அதில் கடைசி முடிச்சு அவர் போட்டதல்ல.